உருவமில்லாததையும் முடிவில்லாததையும் பற்றிச் சீனாவின் பழைய தாவோ சிந்தனை பேசுகிறது. இதைக் கதையில் எப்படிக் கொண்டுவருவது?

அந்த இரண்டு சொற்களையும் கதைக்குள் எழுதவே கூடாது. தாவோ சிந்தனையின் பழஞ்சீன நூலான ‘சுவாங்ட்சு’ இதை எப்படிச் செய்கிறது என்று இரண்டு இடங்களில் பாருங்கள்.

உருவமின்மைக்கு ஏழாம் இயலின் கடைசிக் கதை; சீனத்தில் அது சுமார் 75 எழுத்துதான். தென்கடல் அரசன் ஷூ, வடகடல் அரசன் ஹூ, நடுநிலத்து அரசன் ஹுன்துன். முதல் இருவரும் அவ்வப்போது ஹுன்துன் நாட்டில் சந்திப்பார்கள். அவன் அருமையாக உபசரிப்பான். கைம்மாறு செய்ய நினைத்தவர்கள், “பார்க்க, கேட்க, உண்ண, மூச்சுவிட எல்லாருக்கும் ஏழு துளை உண்டு, இவனுக்கு மட்டும் இல்லை” என்று நாளுக்கொன்றாகத் துளைக்கிறார்கள். ஏழாம் நாள் ஹுன்துன் செத்துப்போகிறான். அவ்வளவுதான், இயலும் முடிந்துவிடுகிறது.

அவன் எப்படி இருந்தான் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. அவனிடம் இல்லாதது ஒன்று, அவன் செய்தது ஒன்று, இவை மட்டுமே தெரியும். திருப்பிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுக்கிறார்கள். பனிமூட்டம், கரும்புகை என்று வருணித்தால் அவனுக்கு அப்போதே முகம் வந்துவிடுகிறது. பிறகு துளையிட என்ன இருக்கிறது? ஷூவையும் ஹூவையும் கெட்டவர்களாக்குவது அதைவிடப் பெரிய பிழை. நன்றிக்கடனாகச் செய்தார்கள் என்பதில்தான் கதையின் வலி முழுவதும் இருக்கிறது.

முடிவின்மைக்கு வழி நேர் எதிரானது: அளந்து சொல்ல வேண்டும். முதல் இயலில் பெங் என்ற பறவை 3,000 லி தூரம் நீரை அடித்து, 90,000 லி உயரம் ஏறுகிறது (ஒரு லி ஏறத்தாழ 400 மீட்டர்). உடனே ஒரு சில்வண்டும் சின்னப் புறாவும் வந்து சிரிக்கின்றன: நாம் பக்கத்து மரம்வரை பறப்போம், சிலசமயம் அதுகூட எட்டாமல் தரையில் விழுவோம், இவனுக்கு எதற்கு 90,000? அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அந்த எண் வெறும் எண். அடுத்து ஆயுள். காலைக் காளானுக்கு மாதம் தெரியாது, கோடை வண்டுக்கு வசந்தமும் இலையுதிர்காலமும் தெரியாது. ஒரு மரத்துக்கோ வசந்தம் மட்டுமே 8,000 ஆண்டு. அதற்குப் பிறகுதான், நீண்ட ஆயுளுக்கு எல்லாரும் பொறாமைப்படும் பெங்ட்சு என்ற மனிதனைப் பற்றிய பேச்சு வருகிறது.

உங்கள் கதையிலும் குறைந்தது மூன்று படி வையுங்கள். ஒவ்வொரு படியிலும் தனக்கென ஓர் அளவுள்ள ஓர் உயிர் நிற்கட்டும். சிறியதிலிருந்து ஏறி, கடைசியில் மனிதனிடம் இறங்குங்கள். உச்சியில் ‘கோடானுகோடி ஆண்டு’ என்று போட்டால் வாசகர் கணக்குப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.