கினிப் பன்றியின் ஃபிலீஸ் விரிப்பு: துவைப்பதும் காய வைப்பதும் – கேள்வி பதில்

கேள்வி: புது ஃபிலீஸ் துணியைக் கூண்டில் விரித்தேன். மூத்திரம் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கிறது. மட்டமான துணியா?

துணி மேல் குற்றமில்லை. ஃபிலீஸ் என்பது பாலியஸ்டர். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. இழைகளுக்கு நடுவே கீழே இறக்கிவிடும், அதுதான் அதன் வேலை. புதுத் துணியில் ஆலைப் பூச்சு இருக்கும் வரை அந்த வேலையும் நடக்காது. டிடர்ஜென்ட் மட்டும் போட்டு, வெந்நீரில் இரண்டு மூன்று தடவை துவையுங்கள்.

பிறகு காய்ந்த துணியை ஒரு பழைய துண்டின் மேல் விரித்து, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிஷம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். மேலே லேசான ஈரம் மட்டும் இருந்து, அடித்துண்டு நனைந்திருந்தால் தயார். உருண்டு நின்றால் இன்னொரு துவைப்பு.

அடியில் உறிஞ்சும் அடுக்கு கட்டாயம். தடித்த பருத்தித் துண்டு இரண்டு மடிப்பு போதும். வெறும் ஃபிலீஸை பிளாஸ்டிக் தட்டில் விரித்தால், இறங்கியது போக வழியில்லாமல் கால் பட்டதும் மேலே கசியும். பாதம் ஈரத்திலேயே கிடந்தால் உள்ளங்கால் சிவந்து, வீங்கி, புண்ணாகும்.

கேள்வி: அக்கா, நன்றாக இருந்த விரிப்பு இப்போது ஈரத்தை இறக்கவே மாட்டேன் என்கிறது. கண்டிஷனர்கூடப் போட்டுத்தான் அலசுகிறேன்.

அந்தக் கண்டிஷனர்தான் வினை. இழை மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து வழியை அடைத்துவிடும். டிரையரில் போடும் வாசனைத் தாளும் அதே ரகம். இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள். வெந்நீரில் வழக்கத்தில் பாதி டிடர்ஜென்ட் போட்டுத் துவைத்து, கடைசி அலசலில் அரை கப் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். இரண்டு முறையாவது செய்தால்தான் பழைய படிவு போகும். டிடர்ஜென்ட் அதிகமானாலும் இதே கோளாறு வரும். வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். கினிப் பன்றியின் மூக்கு விரிப்பிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: துவைத்து எடுத்தால் துணி முழுக்கப் புல். இப்போது மெஷின் தண்ணீரையும் வெளியேற்றவில்லை.

புல் பம்ப் ஃபில்டரில் போய் அடைத்திருக்கும். பல மெஷின்களில் முன்பக்கம் அடியில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தட்டையான பாத்திரம் ஒன்றை வைத்துத் திறங்கள், தேங்கிய தண்ணீர் கொட்டும். கதவு ரப்பரின் மடிப்பிலும் விரல் விட்டுத் துழாவுங்கள்.

இனி வராமலிருக்க, பாதி வேலை துவைப்பதற்கு முன்னாலேயே முடிய வேண்டும். ஈரத் துணியில் புல் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் வராது. சற்று உலரவிட்டு, புழுக்கையைக் கூட்டி எடுத்து, வெளியே உதறுங்கள். மிச்சத்தை ரப்பர் கையுறை போட்ட கையால் ஒரே திசையில் இழுத்தால் சுருண்டு திரண்டு வரும். பிறகு ஜிப் வைத்த துவைக்கும் பையில், இல்லையென்றால் வாய் கட்டிய தலையணை உறையில் போடுங்கள். பையைத் திணிக்காதீர்கள்; துணி புரள இடமில்லாவிட்டால் நடுப்பகுதி அழுக்காகவே வரும்.

கேள்வி: துவைத்த பின்னும் வெள்ளைத் திட்டு போகவில்லை.

அது சுண்ணாம்புப் படிவு. கினிப் பன்றி மிகுதியான கால்சியத்தை மூத்திரத்தில்தான் வெளியேற்றும். டிடர்ஜென்டுக்கு மசியாது. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து நனைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேயுங்கள். கொஞ்சம் மாவு போல இருப்பது சகஜம். மணலாக நறநறத்தாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, மூத்திரம் போகும்போது கத்தினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வீச்சம் போக பிளீச் ஊற்றலாமா?

வேண்டாம். மூத்திரத்தின் அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோராமின் வாயு, வினிகரோடு சேர்ந்தால் குளோரின். இரண்டுமே நுரையீரலைப் பதம் பார்க்கும். முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசல், அப்புறம் துவைப்பு. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை விரிப்பை மாற்றுங்கள். அழுக்கு விரிப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாரக்கணக்கில் சேர்ப்பவர்களுக்குத்தான் வீச்சம் விடாது.

கேள்வி: டிரையரில் போடலாமா, கொடியிலா?

கொடியே நல்லது. டிரையர் என்றால் குறைந்த சூடு மட்டும். அதிகச் சூட்டில் பாலியஸ்டர் இழை முனை சுருண்டு, சொரசொரத்துப் போகும். இஸ்திரி கூடவே கூடாது. உள்ளே பஞ்சு அடுக்கு வைத்துத் தைத்ததானால் ஏமாந்துவிடாதீர்கள். மேல்துணி சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் கோத்திருக்கும். தையல் ஓரத்தை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: படர்தாமரை வந்திருக்கிறது. விரிப்பை என்ன செய்ய?

தினமும் மாற்றுங்கள். வீட்டுத் துணியோடு சேர்க்காமல், துணியில் தைத்திருக்கும் துவைப்புக் குறிப்புச் சீட்டு அனுமதித்தால் 60 டிகிரியில் துவையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மனிதருக்கும் ஒட்டும்.

கேள்வி: ஓரத்தைக் கடித்துவிட்டது. தைத்துப் போடலாமா?

ஃபிலீஸ் நூல் பிரியாது. கடித்த இடத்தை வெட்டிவிட்டாலே போதும். அடித்துண்டின் நூல்தான் ஆபத்து, கினிப் பன்றியின் கால் விரலில் சுற்றி இறுக்கிவிடும். நூல் பிரிந்த அடித்துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.