செல்லோ ஏன் முதல்ல வாய் திறக்குது?

வணக்கம் சார்,

போன வாரம் முதல்முறையா ஒரு ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்குப் போனேன். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸோட டபுள் கான்செர்ட்டோ, அதாவது வயலினும் செல்லோவும் (உக்காந்து வாசிக்கற பெரிய வயலின் மாதிரி இருக்குமே, அது) சோலோ வாசிக்க, ஆர்கெஸ்ட்ரா கூட சேர்ந்துக்கற படைப்பு. ரெக்கார்டிங்ல பலதடவை கேட்டுட்டுத்தான் போனேன், ஆனா நேர்ல செல்லோ பாதி நேரம் காதுலயே விழல. வாசிச்சவர் சரியில்லையா? அப்புறம் ரெண்டு சோலோயிஸ்ட் இருந்தும் போட்டியே இல்ல, ஒருத்தருக்கு ஒருத்தர் ஒத்து ஊதற மாதிரி இருந்துச்சு. முதல் மூவ்மென்ட், அதாவது முதல் பகுதி, முடிஞ்சதும் கை வேற தட்டிட்டேன், எல்லாரும் முறைச்சாங்க.
- ஆர்.

அன்புள்ள ஆர்.,

கை தட்டினதுக்கெல்லாம் கூச்சப்படாதீங்க, பிராம்ஸ் காலத்துல நடுவுல தட்டறது சகஜம்தான்.

செல்லோ வாசிச்சவரையும் விட்டுடுங்க, பாவம். வயலின் அதோட உச்ச ஸ்தாயி தந்தியான இ தந்தில மேல ஏறிட்டா மொத்த ஆர்கெஸ்ட்ராவுக்கும் மேல தனியா மிதக்கும், ஆனா செல்லோ பேசற ஸ்தாயிலதான் வயோலா, பஸ்ஸூன், ஹார்ன் எல்லாம் நெரிசலா உக்காந்திருக்கு. அதான் பிராம்ஸ் அதை அடிக்கடி அதோட உச்ச ஸ்தாயி தந்தியான ஏ தந்தியோட உச்சிக்கு விரட்டறார். செல்லோகாரரை சின்ன மரமேடை மேல உக்கார வெச்சிருந்தாங்களா? செல்லோவோட அடில நீட்டிட்டு இருக்கற கம்பி அதுல ஊனி இருக்கறதால மேடையும் சேர்ந்து அதிரும், சத்தம் கொஞ்சம் கூடும். ரெக்கார்டிங்ல மைக்கை பக்கத்துல வெச்சு செல்லோவை பெருசாக்கிடறாங்க, உங்க காது அதுக்குப் பழகிடுச்சு, அவ்ளோதான். அடுத்த தடவை கொஞ்சம் முன்னாடி சீட் எடுங்க.

போட்டி இல்லங்கறது சரி, ஆனா அதை குறையா சொல்றீங்க பாருங்க, அதை ஒத்துக்க மாட்டேன். இது சண்டையைத் தீர்க்க எழுதினது. பிராம்ஸும் வயலின் மேதை யோவாகிமும் இள வயசுலேர்ந்து கூட்டாளிங்க. யோவாகிம் தன் மனைவி அமாலியா மேல சந்தேகப்பட்டார், பிராம்ஸ் அந்தம்மா பக்கம் நின்னு ஒரு லெட்டர் எழுதினார், அந்தம்மா அதை டிவோர்ஸ் கேஸ்ல கோர்ட்ல காட்டிட்டாங்க. முடிஞ்சது, வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல. 1887 கோடைல ஸ்விட்சர்லாந்துல தூன் ஏரிக்கரைல உக்காந்து பிராம்ஸ் இதை எழுதறார், செல்லோவுக்கு ஆள் யாருன்னா ராபர்ட் ஹவுஸ்மான், அவர் யோவாகிமோட குவார்டெட்லயே, அதாவது நாலு பேர் குழுவுலயே, செல்லோ வாசிக்கறவர்! தூது போக இதைவிட தோதான ஆள் யாரு. அதே வருஷம் அக்டோபர் 18, கொலோன்ல முதல் கச்சேரி, நடத்தினது பிராம்ஸ், வாசிச்சது யோவாகிமும் ஹவுஸ்மானும். இது சமாதானத்துக்கான படைப்புன்னு கிளாரா ஷூமன் டைரிலயே எழுதி வெச்சிருக்காங்க.

இப்ப ஆரம்பத்தைக் கேளுங்க. ஆர்கெஸ்ட்ரா நாலே பார் (நாலு தாளக்கட்டு) அதட்டிட்டு நிறுத்திடும், உடனே செல்லோ தன்னந்தனியா பேச ஆரம்பிக்கும், பாட்டுகூட இல்ல, தொண்டையைச் செருமிக்கிட்டு சொல்ல வந்ததை சொல்ற மாதிரி. அப்புறம் ஊதற வாத்தியங்கள் மெதுவா ஏதோ கேக்கும், அதுக்கப்புறம்தான் வயலின். வருத்தம் சொல்ல வந்தவன்தானே முதல்ல வாய் திறக்கணும்? இது என் கற்பனை, பிராம்ஸ் அப்படியெல்லாம் விளக்கம் சொல்ற ஆள் இல்ல. ஆனா கடைசி மூவ்மென்ட்லயும் மெட்டை எடுத்துக் குடுக்கறது செல்லோதான்.

நீங்க ஒத்து ஊதறதுன்னு சொன்னது நடு மூவ்மென்ட்டா இருக்கும். ரெண்டும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளில சேர்ந்தே பாடும். நானும் முதல்ல கேட்டப்ப இதுல என்ன இருக்குன்னு அசந்து தூங்கியிருக்கேன். மறுபடி கேக்கறப்ப வயலினை விட்டுட்டு கீழ செல்லோவை மட்டும் பிடிச்சுக்கிட்டே போய்ப் பாருங்க, எனக்கு அப்படித்தான் பிடிபட்டுச்சு.