ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் சிறு வயதில் எழுதியவற்றைத் தேடிக் கேட்பதால் பயன் உண்டா? பெரிய படைப்புகள் மட்டும் போதாதா?

பயன் உண்டு. "அதெல்லாம் வீட்டுப்பாடம், நேரே அவருடைய பெரிய படைப்பான வயலின் கன்செர்ட்டோவுக்குப் போ" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் போல. அநேகமாக வயலின் படிப்பிக்கிற ஒருவராக இருப்பார். நான் கொழும்பில் முப்பது வருடமாக வியோலா வாசிக்கிறேன், வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த வாத்தியம். தொழில் வேறு, இது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

வீட்டுப்பாடம் என்பது பாதி உண்மைதான். 1821இல், 12 வயதில், மெண்டல்சன் கம்பி வாத்தியங்களுக்கு மட்டுமாகச் சிம்ஃபனிகள், அதாவது இசைக்குழுவுக்கான பெரிய படைப்புகள், எழுதத் தொடங்கினார். 1823 முடிவதற்குள் பன்னிரண்டு. முதல் ஆறும் ஆசிரியர் செல்ட்டரிடம் கற்றதைப் பழகிப் பார்த்தவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1822 நவம்பரில் எழுதிய எட்டாவதை எடுங்கள். அதன் இரண்டாம் பகுதியில், அடாஜியோ என்கிற அந்த மெதுவான பகுதியில், வயலினே கிடையாது. மூன்று வியோலா, அதைவிடப் பெரிய, குரல் இன்னும் தாழ்ந்த செலோ, டபுள் பேஸ், அவ்வளவுதான். எழுதியவருக்கு வயது 13.

பாஹின் ஆறாவது பிராண்டன்பர்க் கன்செர்ட்டோவிலும் வயலின் இல்லையே என்று யாராவது வரக்கூடும். தெரியும். அது இருப்பதால் இது குறைந்துவிடாது.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், பள்ளியில் 14 வயதில் என்னை வயலினிலிருந்து வியோலாவுக்கு மாற்றினார்கள். குழுவில் ஆள் இல்லை, எனக்குக் கை நீளம், காரணம் அவ்வளவுதான். அம்மா நம்பவில்லை. "வயலின் சரிவராதபடியால்தானே மாத்தினவை?" என்று பல நாள் கேட்டார். அதன் பிறகு வாசித்ததில் பெரும்பகுதி நடுவில் நிரப்புகிற சுரங்கள். மெட்டு வயலினுக்கு, அடித்தளம் செலோவுக்கு. நாங்கள் இல்லாவிட்டால் இசை வெறுமையாகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும், கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

2022இல் வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் இந்த எட்டாவதை வாசித்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். கொழும்பில் மூன்று வியோலாவை ஒரே அறையில் சேர்ப்பது லேசான வேலை இல்லை. என்னுடையதில் சி கம்பி அறுந்து கிடந்தது. கடைகளில் இல்லை. லண்டனிலிருந்து வந்த சித்தியின் மகள் சூட்கேசில் கொண்டுவந்து தந்தாள். மூன்றாவது ஆளாக 16 வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. வயலினில் எட்டாம் கிரேட் தேர்வு முடித்தவள், இரவல் வியோலா, வியோலாவுக்கு எழுதும் சுரக்குறியீடான ஆல்டோ கிளெஃப் வாசித்துப் பழக்கமில்லை. ஒவ்வொரு சுரத்துக்கு மேலும் பென்சிலால் விரல் எண் எழுதி வைத்திருந்தாள். டபுள் பேஸுக்கு ஆள் கிடைக்கவில்லை, செலோவே அதையும் தாங்கியது.

அடாஜியோ தொடங்கும்போது கரண்ட் போய்விட்டது. சார்ஜ் லைட்டை நடுவில் வைத்துக்கொண்டு வாசித்தோம். வயலின்காரர்கள் இருவரும் வாத்தியத்தை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடற்கரைப் பக்கம் ரயில் போன சத்தத்தையும் தாண்டி அந்த மூன்று வியோலாவும் கேட்டன. முடிந்ததும் அவர்களில் மூத்தவர், நாற்பது வருடம் வயலின் வாசித்தவர், "உங்கட வாத்தியத்துக்குள்ள இப்பிடி ஒரு குரல் இருக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பணக்கார வீட்டுப் பிள்ளை, எல்லா வசதியும் இருந்தது என்பீர்கள். உண்மைதான். அப்பா வங்கியாளர். பெர்லினில் அவர்கள் வீட்டிலேயே ஞாயிறு கச்சேரி நடக்கும், காசு கொடுத்து இசைக்கலைஞர்களை வரவழைப்பார்கள். எழுதியதை உடனே காதால் கேட்கிற வாய்ப்பு அந்தப் பையனுக்கு இருந்தது. அதே வீட்டில் அதே ஆசிரியரிடம் படித்த அக்கா ஃபன்னிக்கு, இசை உனக்கு ஓர் ஆபரணமாக மட்டுமே இருக்க முடியும் என்று 1820இல் அப்பா கடிதம் எழுதினார். அப்போது அவளுக்கு 14 வயது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வாயில் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பரவாயில்லை. இங்கே பதினாறு வயதளவில் எழுதுகிற ஓ.எல். பரீட்சை வந்ததும் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்கிறோம். காலையில் பள்ளி, பின்னேரம் டியூஷன், சனி ஞாயிறும் டியூஷன். பத்து வருடம் காசு கட்டிக் கற்பித்த பெற்றோரே, விரலும் காதும் ஒன்று சேருகிற வயதில் நிறுத்துகிறார்கள். எங்களோடு வியோலா வாசித்த அந்த 16 வயதுப் பிள்ளையும் இரண்டு மாதம்தான் வந்தாள். பிறகு அடுத்த பரீட்சையான ஏ.எல். வகுப்பு ஞாயிறு காலைக்கு மாறிவிட்டது. அவளுடைய அம்மாவிடம் இரண்டு முறை கதைத்துப் பார்த்தேன். "பிறகு பாப்பம் அக்கா" என்றார். அந்தப் பிறகு வந்ததே இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? எட்டாவதின் அடாஜியோ. அப்புறம் 1823இல் எழுதிய ஒன்பதாவது. அதன் மெதுவான பகுதி நான்கு வயலின்களோடு மட்டும் தொடங்கும், பிறகு வயலின்கள் ஒதுங்கி வியோலா, செலோ, பேஸ் பேசும், கடைசியில் இரண்டு பக்கமும் சேரும். அதைக் கேட்டுவிட்டு 16 வயதில் எழுதிய எட்டு வாத்திய ஆக்டெட்டுக்குப் போங்கள். அவ்வளவு நெரிசலிலும் ஒவ்வொரு குரலுக்கும் இடம்விட எங்கே பழகினார் என்று அப்போது புரியும். இந்தச் சிம்ஃபனிகள் அவர் உயிரோடு இருந்தபோது அச்சேறவில்லை. நூறு வருடத்துக்கும் மேலாகக் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தவை.

ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் வியோலாவின் கீழ்ச் சுரங்கள் சரியாகக் கேட்காது.