கோந்தே இளவரசர் பட்டம் அற்றுப்போன கதை: கேள்வி பதில்

பிரான்சின் பூர்போன் அரச வம்சத்தில் ஒரு கிளைக் குடும்பம் கோந்தே. அதன் தலைவர்கள் ஏறக்குறைய 270 ஆண்டுகள் சுமந்த 'கோந்தே இளவரசர்' பட்டம் 1830-ல் அற்றுப்போனது. அதைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ஐயா, கோந்தே என்பது தனி நாடா?

இல்லை. பாரிஸுக்குக் கிழக்கே உள்ள ஒரு சிற்றூர். 16-ஆம் நூற்றாண்டில் லூயி தெ பூர்போன் அந்த ஊர்ப் பெயரைப் பட்டமாக வைத்துக்கொண்டார். ஆள்வதற்கு நாடு கிடையாது. மதிப்பெல்லாம் ரத்த உறவில் வந்தது. பின்னாளில் அரசரான நான்காம் ஹென்றிக்கு இவர் சித்தப்பா. புரொட்டஸ்டண்ட் தரப்புக்குத் தலைமை தாங்கி, 1569-ல் ஜார்னாக் போரில் சரணடைந்த பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார்.

ரோக்ருவாவில் ஸ்பெயின் படையை வென்றவர் கோந்தே என்கிறார்கள். சில நூல்களில் ஆங்கியன் டியூக் என்றிருக்கிறதே?

இருவரும் ஒருவரே. அந்தக் காலத்தில் அப்பா உயிரோடு இருக்கும்வரை மூத்த மகனுக்கு ஆங்கியன் டியூக் என்று பெயர்; பின்னாளில் மகனுக்குப் பூர்போன் டியூக், பேரனுக்கு ஆங்கியன் டியூக் என்றானது. 1643-ல் அந்தப் போரை வென்றபோது அவருக்கு வயது 21. கோந்தே பட்டம் வந்தது 1646-ல். ஆங்கியன் என்ற பெயரை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

பிரெஞ்சுப் புரட்சிதானே இந்தப் பட்டத்தை ஒழித்தது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1790 ஜூனில் பரம்பரைப் பட்டங்கள் எல்லாம் ரத்தானது உண்மை. ஆனால் நெப்போலியன் வீழ்ந்த பின் பூர்போன்கள் ஆட்சிக்குத் திரும்பி வந்ததும் பட்டங்களும் திரும்பின. கோந்தேக்களும் திரும்பினார்கள், தாத்தாவும் அப்பாவும் மட்டும். பேரன் வரவில்லை.

அந்தப் பேரன்தான் கடைசி ஆங்கியன் டியூக். அப்பாவுக்கு ஒரே மகன். அப்பாவும் தாத்தாவுக்கு ஒரே மகன். எல்லை தாண்டி, பாடன் நாட்டில் எட்டன்ஹைம் என்ற ஊரில் இருந்தார். தன்னைக் கொல்ல நடந்த சதியில் இவருக்கும் பங்குண்டு என்று சந்தேகித்த நெப்போலியன், 1804 மார்ச்சில் அந்நிய மண்ணில் படையை அனுப்பிப் பிடித்துவந்தார். மார்ச் 20 மாலை பாரிஸை ஒட்டிய வான்சேன் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். நள்ளிரவில் விசாரணை, விடிவதற்குள் கோட்டை அகழியில் துப்பாக்கி வரிசை முன் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை முடியும் முன்பே குழி தோண்டியாகிவிட்டது. வயது 31, பிள்ளைகள் இல்லை. பட்டத்தின் முடிவு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் என் கருத்து. 1818-ல் தாத்தா இறந்து பட்டம் தன்னிடம் வந்தபோதும், அப்பா பூர்போன் டியூக் என்ற பழைய பெயரிலேயே இருந்தார்.

குடும்பத்தில் பெண்கள் இல்லையா சார்?

இருந்தார்கள். கடைசி இளவரசரான அந்த அப்பாவின் தங்கை லூயி அதலாயித் கன்னியாஸ்திரீ ஆகி 1824-ல் காலமானார். ஆண் வழியில் மட்டுமே போகும் பட்டம் என்பதால் அவர் இருந்திருந்தாலும் பயனில்லை.

கடைசி இளவரசர் கொலை செய்யப்பட்டாரா?

1830 ஆகஸ்ட் 27 காலை, சேன்-லூ மாளிகையில் 74 வயதுக்காரர் படுக்கையறை ஜன்னல் தாழ்ப்பாளில் தொங்கிக் கிடந்தார். முடிச்சுப் போட்ட இரண்டு கைக்குட்டைகள். கால் விரல்கள் தரையைத் தொட்டபடி. இதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. உயிலில் பெரும்பங்கு புதிய அரசர் லூயி பிலிப்பின் மகனான ஓமால் டியூக்குக்கும், மற்றொரு பங்கு இளவரசரின் துணைவி சோஃபி டாஸுக்கும் போயின. ஊர் சோஃபிமீது பழி சொன்னது. விசாரணை தற்கொலை என்று முடித்தது. லாபம் அடைந்தவர் என்பதற்காக ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்போது யாராவது அந்தப் பட்டத்தை வைத்திருக்கிறார்களா?

இல்லை. சொத்தைப் பெற்ற ஓமால் டியூக் தன் மூத்த மகனுக்கு அந்தப் பெயரைச் சூட்டிப் பார்த்தார். உலகப் பயணம் கிளம்பிய அந்தப் பையன் 1866-ல் சிட்னியில் டைபாய்டு கண்டு, 20 வயதில் இறந்துபோனான். மற்றொரு மகன் 1872-ல். வாரிசற்ற அந்த அப்பா, கோந்தேக்களின் ஷாந்தியி மாளிகையை 1886-ல் பிரான்ஸ் கல்விக் கழகத்துக்கு எழுதிவைத்தார். ஓவியங்களை வெளியே இரவல் தரக் கூடாது, மாட்டிய இடத்தை மாற்றக் கூடாது என்று நிபந்தனை. இன்றும் அவர் மாட்டிய சுவரிலேயே அவை தொங்குகின்றன. வாசலில் பெயர்: கோந்தே அருங்காட்சியகம்.