காசு விசயத்தில் வேலையால் நிறுத்தப்பட்டவர் வன்னியில் திரும்ப வேலை தேடுவது எப்படி?

கேள்வி கேட்டவர் முல்லைத்தீவுப் பக்கம். கடையொன்றில் காசாளராக இருந்திருக்கிறார். கணக்கில் காசு குறைந்ததும் துர்நடத்தை என்று கடிதம் கொடுத்து நிறுத்திவிட்டார்களாம். அடுத்த நேர்முகத்தில் சொல்வதா, மறைப்பதா என்று கேட்கிறார். காசை எடுத்தாரா இல்லையா என்பதை அவர் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் கீழே சட்டம் பற்றி எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள், அதற்குக் காலக்கெடு இருக்கிறது.

நான் எடுத்தவன். அந்த இடத்தில் நின்றுதான் எழுதுகிறேன்.

2017இல் கிளிநொச்சியில் ஒரு கடன் கொம்பனியில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். விசுவமடுப் பக்கம் ஐந்து சென்டர், அதாவது கடன் எடுத்த பெண்களின் குழுக்கள். கிழமைக்கு ஒருநாள் பெண்கள் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுவார்கள், காசை வாங்கிப் பாஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து, பின்னேரம் கந்தோரில் கட்ட வேண்டும். ஊருக்கெல்லாம் கடன் அறவிடப் போகிற எனக்கே மோட்டார் சைக்கிள் லீசிங்கில் மூன்று மாதம் நிலுவை. சைக்கிளைத் தூக்கினால் வேலையும் போய்விடும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை 14,500 ரூபாவைக் கட்டாமல் வைத்துக்கொண்டேன். அடுத்த கிழமை வேறு சென்டரின் காசை எடுத்து அந்தப் பள்ளத்தை மூடினேன். எங்கள் ஆட்கள் இதை உருட்டுவது என்பார்கள். பதினொரு கிழமை உருட்டினேன். பிடிபட்டபோது 63,000.

பிடிபட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். தலைமைக் கந்தோரிலிருந்து கணக்குப் பார்க்க வந்தவர் சென்டருக்கே வந்து புத்தகங்களைக் கேட்டார். ஒரு அக்கா உள்ளே போய் ஒரு ஷொப்பிங் பை கொண்டுவந்தா. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், செட்டிக்குளம் முகாமில் கொடுத்த அட்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கள் பாஸ் புத்தகம், மூலை மடியாமல். எங்கள் சனம் இடம்பெயர்ந்த காலம் முழுக்கப் பேப்பரைக் காப்பாற்றிப் பழகியது. அதில் என் கையெழுத்து இருந்தது, கொம்பனிக் கணக்கில் அந்தக் கிழமை இல்லை. அக்கா என்னைப் பார்த்து, “தம்பி, இது உங்கட சைன் தானே?” என்று மட்டும் கேட்டா.

விளக்கம் கேட்டுக் கடிதம், உள்ளக விசாரணை, பிறகு நீக்கம். எல்லாம் மூன்று கிழமைக்குள் முடிந்தது. அம்மா இரண்டு கறவை மாட்டை விற்று, மிச்சத்துக்குக் காப்பை அடகு வைத்துக் காசைக் கட்டினா. அதனால் கொம்பனி பொலிசுக்குப் போகவில்லை.

பிறகு எட்டு மாதம் வேலை இல்லை. அதில் நான் விட்ட இரண்டு பிழைகளைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலாவது வவுனியாவில். சுயவிபரக் கோவையில் “சொந்தக் காரணங்களுக்காக விலகினேன்” என்று எழுதிப் போனேன். நேர்முகம் நல்லாய்ப் போனது, தேத்தண்ணி கூடத் தந்தார்கள். இடையில் அந்த மனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. “நாங்கள் அறிவிக்கிறம் தம்பி.” அவருடைய பழைய நண்பர் ஒருவர் எங்கள் கிளையில் இருந்தவராம். ஏ9 வீதி நீளத்துக்கும் கடன் கொம்பனி, லீசிங் கொம்பனி எல்லாவற்றிலும் ஒரே ஆட்கள்தான் மாறி மாறி வேலை செய்கிறார்கள், இதை நான் யோசித்திருக்க வேண்டும். கடைத்தெருவும் அப்படித்தான். பரந்தனில் நடந்தது புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பொழுதுபட முன் போய்விடும். நீங்கள் சொல்லாவிட்டால் உங்களுக்கு முன்னால் ஒருவர் போய்ச் சொல்லியிருப்பார். அவர் சொல்வதில் உங்கள் 63,000 ஆறு லட்சமாகியிருக்கும்.

இரண்டாவது இடத்தில் மறுவளமாகப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். லீசிங், அம்மாவின் மாடு, டார்கெட் நெருக்கடி, மனேஜர் ஏசினது. இருபது நிமிசம். நேர்முகம் எடுத்த அம்மணி கடைசியில், “அப்ப பிழை உங்களில இல்லை எண்டுறீங்கள்?” என்றா. நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் இருபது நிமிசம் காரணம் சொன்னால் கேட்கிறவருக்கு அப்படித்தான் கேட்கும்.

மூன்றாவது தரம் வீட்டிலேயே எழுதி, வாயால் சொல்லிப் பழகினேன். இவ்வளவுதான்: “2018இல் அறவிட்ட காசைச் சொந்தத் தேவைக்கு எடுத்தேன். பிடிபட்டேன், வேலையால் நிறுத்தினார்கள். முழுக் காசும் கட்டியாகிவிட்டது, பற்றுச்சீட்டு இருக்கிறது. பொலிஸ் வழக்கு இல்லை.” அதற்குப் பிறகு வாயை மூட வேண்டும். அந்த அமைதிதான் கஷ்டம், காரணங்கள் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் விலகிய காரணம் என்று இடம் விட்டிருந்தால் “நிறுவனத்தால் நிறுத்தப்பட்டேன், நேரில் விளக்குகிறேன்” என்று எழுதலாம். அங்கே பொய் எழுதி வேலை கிடைத்தால், அந்தப் பொய்யே பிறகு உங்களை நிறுத்தக் காரணமாகும்.

சரி, அந்த மூன்றாவது இடம் ஒரு அரிசி ஆலை. முதலாளி முழுக்கக் கேட்டுவிட்டு, “காசு தொடுற வேலை தரமாட்டன். மூட்டை எண்ணுவியா?” என்றார். காலபோக அறுவடை நேரம், நெல் வந்து குவிகிறது. எண்ணுவேன் என்றேன். சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஈரப்பதன் மெசினைப் பிடித்து, 14 வீதத்துக்கு மேல் நின்றால் கமக்காரரிடம் காயவிட்டுக் கொண்டுவரச் சொல்லி ஏச்சு வாங்குவதும் என் வேலைதான். காசாளராக இருந்தவர் உடனே திரும்பக் காசாளர் வேலையே தேட வேண்டாம் என்பது என் கருத்து. களஞ்சியம், தரவு பதிதல், சாரத்தியம், ஏதாவது. வயது இடம் கொடுத்தால் அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் மாதிரி ஒன்றில் கைத்தொழில் படிக்கலாம். வெல்டிங் தெரிந்தவனிடம் பழைய கதையைக் கேட்கிறவர்கள் குறைவு.

இனிச் சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடமென்றால், ஒழுக்காற்று நடவடிக்கையாக நிறுத்தியவர் அதன் காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும், 1971ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீங்கள் காசை எடுக்கவில்லை, அல்லது விசாரணையே இல்லாமல் நிறுத்தினார்கள் என்றால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். “பிரச்சினை வேண்டாம், ராஜினாமாக் கடிதம் தா” என்று கேட்டால் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்காதீர்கள், ஒருநாள் கேளுங்கள். உண்மையில் எடுத்தவருக்கு ராஜினாமா நல்லதாக இருக்கலாம், எடுக்காதவருக்கு அது தன் கையாலேயே வழக்கை மூடுவது.

ஊழியர் சேமலாப நிதியில் (EPF) அவர்கள் கை வைக்க முடியாது. உங்கள் 8 வீதம், அவர்களின் 12 வீதம் இரண்டும் மத்திய வங்கியில் உங்கள் பேரில் கிடக்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3 வீதத்தை வேலை போனதும் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். எனக்கு அந்தச் சின்னக் காசு இரண்டு மாதம் அரிசி, தேங்காய்க்கு உதவியது. பணிக்கொடை ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு மட்டும். மோசடி, கையாடல் என்று நிறுத்தினால் அவர்களுக்கு வந்த நட்டத்தின் அளவுக்கு அதில் பிடிக்கலாம்.

கிராம சேவகரிடம் நற்சான்றிதழ் கேட்கப் போவதற்கு நான் இரண்டு கிழமை பயந்துகொண்டு இருந்தேன். விதானையாருக்கு எல்லாம் தெரியும். அவர் எழுதினது, இவ்வளவு வருடமாக இந்தப் பிரிவில் வசிக்கிறார், நீதிமன்றக் குற்றம் எதுவும் என் அறிவுக்கு எட்டவில்லை என்று. அது உண்மைதானே.

உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயர் கேட்பார்கள். பழைய மனேஜரைப் போடாதீர்கள். நான் எங்கள் வாசிகசாலைத் தலைவரையும், கொஞ்சம் துணிந்து, அந்த பாஸ் புத்தக அக்காவையும் போட்டேன். போட முன் அவவின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். காசு கட்டியபிறகு அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தேன். அவ சிரிக்கவில்லை. “என்ர கணக்கைச் சரியாக்கிப் போட்டாங்கள். கேட்டா அதைச் சொல்லுவன், வேற ஒண்டும் சொல்லமாட்டன்” என்றா. ஆலை முதலாளி அவவுக்குத்தான் போன் எடுத்தார்.

கடைசியாக ஒன்று. காசைக் கட்டிய பற்றுச்சீட்டை உடனே போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள். எனக்கு வங்கி மெசினில் வந்த தாள் தந்தார்கள், ஒரு வருடத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிட்டது. திரும்ப எடுக்க வங்கிக்கு மூன்று தரம் அலைந்தேன்.