மூக்கு காய்கிறதா? முதலில் காற்றை அளந்து பாருங்கள்

கேள்வி: நாங்கள் வறண்ட ஊரில் இருக்கிறோம். காலையில் எழுந்தால் தொண்டை காய்ந்து கிடக்கிறது. ஏழு வயது மகனுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறது. காற்றில் ஈரம் ஏற்றும் ஹியூமிடிஃபையர் வாங்கலாம் என்கிறேன். "அது வீசிங்கைக் கொண்டுவரும், வேண்டாம்" என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. நழுவப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கருவியை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூக்கினுள் ஈரமான மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. நாம் இழுக்கும் தூசியையும் கிருமியையும் பிடித்து வெளியே தள்ளுவது அதன் வேலை. காற்று வறண்டால் அதுவும் காய்ந்து பொருக்குத் தட்டும். அடியிலேயே நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓடுவதால், பையன் விரலை விட்டதும் ரத்தம் வந்துவிடுகிறது. படுக்கையறைக் காற்றில் ஈரம் கூடினால் இது குறைய வாய்ப்புண்டு. தொண்டை வறட்சி, கண் எரிச்சல், உதட்டு வெடிப்பு எல்லாமும் மட்டுப்படும். மரச்சாமான்கள்கூட அவ்வளவாக வெடிக்காது. சளிக்கு இதுவே மருந்து என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பவேண்டாம்.

ஹியூமிடிஃபையருக்கு முன்னால் ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். வீட்டுக்குள் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். ஏற்கெனவே 45 காட்டினால் கருவியே தேவையில்லை. ஏ.சி., ஹீட்டர் இரண்டுமே காற்றை வறட்டுபவை என்பதால் அவை ஓடும்போதும் அளந்து பாருங்கள். 60-ஐத் தாண்டினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், மெத்தையில் தூசிப் பூச்சிகள் பெருகும். மாமியார் பயப்படும் வீசிங் அங்கேதான் தொடங்கும். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

கருவியில் முக்கியமாக மூன்று வகை உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி விடுவதைக் குழந்தை இருக்கும் அறையில் வைக்காதீர்கள், சுட்டுவிடும். அதிர்வால் புகைபோல நீர்த்துளி விடும் அல்ட்ராசோனிக் சத்தம் போடாது. ஆனால் தண்ணீரில் இருக்கும் உப்பையும் கிருமியையும் சேர்த்தே காற்றில் ஊதும். மேஜை மேல் படியும் வெள்ளைப் பொடி அதுதான். அதில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றவேண்டும். ஈரத் திரியின் மேல் ஃபேன் காற்றை விடும் வகையில் இந்தத் தொல்லை குறைவு. உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். திரியை மட்டும் அவ்வப்போது மாற்றவேண்டும்.

அப்புறம் சுத்தம். பலரும் கோட்டைவிடுவது இதில்தான். மிச்சத் தண்ணீரைத் தினமும் கொட்டி, தொட்டியைத் துடைத்துக் காயவைத்துப் புதிதாக நிரப்புங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். உப்புக்கறைக்கு வினிகர் போதும். பிறகு நன்றாக அலசிவிடுங்கள். கிருமிநாசினி எதையும் தொட்டித் தண்ணீரில் கலந்து ஓட்டவே கூடாது. தென் கொரியாவில் அப்படிக் கலப்பதற்கென்றே விற்ற திரவங்களால் ஏராளமானோரின் நுரையீரல் பாழாகி, பலர் இறந்தார்கள். காரணம் தெரியவந்தது 2011-இல்தான்.

மகனுக்கு அடிக்கடி ரத்தம் வருகிறது என்கிறீர்கள், அதனால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ரத்தம் வரும்போது தலையை முன்பக்கமாகச் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். 20 நிமிடமாகியும் நிற்கவில்லையென்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.