பச்சைச் சாணத்தை அப்படியே வயலில் விடலாமா?

கேள்வி: கிணற்றுப் பாசனத்தில் 3 ஏக்கர் செம்மண் நிலம். நிலக்கடலையும் கேழ்வரகும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். 4 கறவை மாடுகள் உண்டு. நெதர்லாந்தில் மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் என் தங்கச்சி மகன் ஒரு வீடியோ அனுப்பினான். சாணக் கூழை டேங்கரில் ஏற்றி, மண்ணைக் கீறி உள்ளே விடுகிறார்கள். மக்க வைப்பதே இல்லையாம். நாமும் அப்படிச் செய்தால் மாசக்கணக்கில் குழியில் போட்டு வைக்க வேண்டாமே?

பதில்: நிலக்கடலைக்கு வேண்டாம். பச்சைச் சாணம் போன இடத்துக்கு வேர்ப்புழுவும் கரையானும் தேடி வரும். மாடு தின்ற களை விதையும் சாகாமல் வந்து முளைக்கும். சாணத்தோடு வைக்கோலும் தட்டைக் கூளமும் சேர்ந்து மண்ணுக்குள் மக்கும்போது, அங்குள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளும். "எரு போட்டும் பயிர் வெளுக்குதே" என்று பலர் கேட்பதற்கு இதுதான் காரணம்.

அவர்கள் மட்டும் எப்படி விடுகிறார்கள்? அங்கே பெரும்பாலும் மேய்ச்சல் புல்வெளி, குளிர்ந்த ஈர மண். அவர்களுடைய தலைவலியும் வேறு. கப்பலில் வரும் சோயாத் தீவனத்தைத் தின்று மாடுகள் போடும் சாணம், அந்தச் சின்ன நாட்டின் நிலத்துக்கு மிஞ்சிப்போகிறது. மிஞ்சிய சத்து நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் இறங்கியதால் ஐரோப்பிய ஒன்றியம் 1991-இல் சட்டம் போட்டது. கால்நடை எருவிலிருந்து ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் போகக் கூடாது. புல்வெளி அதிகமுள்ள டச்சுப் பண்ணைகளுக்கு 250 கிலோ வரை கிடைத்த சலுகையும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. நாம் ஒரு டிராக்டர் எருவுக்குக் காசு கொடுக்கிறோம். அங்கே மிஞ்சிய சாணத்தை எடுத்துப்போகச் சொல்லிக் காசு கொடுக்கிறார்கள்!

நம் கணக்கைப் பாருங்கள். பரிந்துரை ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் (மக்கிய மாட்டு எரு), அதாவது ஏக்கருக்கு 5 டன். அதில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால் ஹெக்டேருக்கு 62 கிலோ போலத்தான் வரும். அவர்களுடைய உச்சவரம்பில் பாதிகூட இல்லை. உங்கள் 4 மாடுகள் தினம் 50 கிலோ சாணம் போட்டால் வருஷத்துக்கு 18 டன். மக்கியபின் பாதி நிற்கும். 3 ஏக்கருக்கு 15 டன் வேண்டும், கையில் 9 டன்தான். வருஷத்துக்கு ஒன்றரை ஏக்கர் என்று முறை வைத்துப் போடுங்கள்.

அந்த வீடியோவில் நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்றை. ஏன் மண்ணைக் கீறி உள்ளே விடுகிறார்கள்? மூத்திரத்தில் உள்ள யூரியா சாணத்தோடு கலந்ததும் அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். கொட்டிலில் மூக்கைப் பிடிக்கும் அந்த நெடிதான் உங்கள் தழைச்சத்து. குளிர் நாட்டிலேயே இதற்குப் பயந்து, சாணக் கூழை மேலாக வீசக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நாமோ நம் வெயிலில் எருவைக் குட்டான் குட்டானாக வயலில் கொட்டிவிட்டு, உழவுக்கு ஆள் வரும்வரை வாரக்கணக்கில் காய விடுகிறோம். இதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். இறைத்த அன்றைக்கே உழுது மூடுங்கள். முடிந்தால் சாயங்காலம் இறையுங்கள்.

அப்புறம் மூத்திரம். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் பாதியளவு அதில்தான் இருக்கிறது, நாம் அதை வாசலில் ஓட விடுகிறோம். கொட்டிலில் தினமும் கடலைத் தோலோ கூளமோ பரப்பி, நனைந்ததைக் காலையில் சாணத்தோடு குழியில் சேருங்கள். குழி 3 அடி ஆழம் போதும், நிழலில் இருக்கட்டும். ஒரு பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டே வந்து, தரைக்கு மேல் ஒன்றரை அடி எழும்பியதும் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிடுங்கள். 4, 5 மாசத்தில் நெடி போய், கறுத்து, கையில் உதிரும்.

கூழாக விட்டே பார்க்க ஆசையா? சரி, கொட்டில் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தீவனப் புல்லுக்குத் திருப்பிவிடுங்கள். கம்பு நேப்பியர் அதைத் தாங்கும், நன்றாகத் தழைக்கும். கிணற்றுப் பக்கம் மட்டும் அது போய்த் தேங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.